தெல்தோட்டையிலிருந்து ஒரு நாள் பயணம்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இமயமலை நகரமொன்றைச் சிறு செலவில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உயர்தர வகுப்பில் பலருக்கும் உள்ள கனவு. டார்ஜிலிங் என்ற பெயரைச் சொன்னாலே போதும், கதை தொடங்கிவிடும். சுமார் 2,000 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் அது. 1881 ஆம் ஆண்டு முதல் மலையேறும் சிறிய புகையிரதம் அங்கே ஓடுகின்றது. வானம் தெளிவாக இருக்கும் காலையில் 8,586 மீற்றர் உயரமான கஞ்சன்ஜங்கா சிகரம் ஊரிலிருந்தே தெரியுமாம். எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும்.

இந்தக் கனவை ஒரு நாள் எங்கள் ஆசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் சிரித்தபடி, "நம்ம பக்கத்து மலையிலிருந்து ஒருவர் 150 வருடங்களுக்கு முன்பே டார்ஜிலிங் போய் வந்துவிட்டார், தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் சொன்னது ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி. தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டவர் அவர். இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது அந்த 19 ஏக்கரில்தான். ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1852 இல் பதின்ம வயதிலேயே இங்கு வந்தவர், 1892 இல் இறக்கும் வரை இந்த மலையிலேயே வாழ்ந்தார். நாற்பது வருட காலத்தில் அவர் எடுத்த விடுமுறை ஒன்றே ஒன்றுதான் என்பார்கள். 1874 இல் எடுத்த அந்த விடுமுறையிலும் அவர் போன இடம் டார்ஜிலிங். அங்கே தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துப் படித்துக்கொண்டு திரும்பினார்.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. டார்ஜிலிங்கைப் பற்றி இவ்வளவு பேசும் நான், என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய கண்டியை இதுவரை பார்த்ததே இல்லை. கண்டிக்குப் போயிருக்கிறேன், வைத்தியசாலைக்கு, பெருநாள் உடுப்பு எடுக்க, அடையாள அட்டை வேலைக்கு. பார்க்கவென்று ஒரு நாளும் போனதில்லை. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலும்.

ஆகவே கண்டியை ஒரு பயணியாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அந்த ஒரு நாளை எவ்வாறு திட்டமிட்டோம், எங்கெங்கே போனோம், ஏன் போனோம் என்பதைச் சக மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.

முதற்செலவு அனுமதி

பணத்துக்கு முன்னால் தேவைப்பட்டது வாப்பாவின் சம்மதம். வாப்பா சிறிய கடை வைத்திருக்கிறார். சாமான் எடுக்கக் கண்டிக்குப் போவது அவருக்கு அன்றாட வேலை போன்றது. "என்னத்துக்கு மகள்? கண்டிக்கு நான் கிழமைக்கு ரெண்டு தரம் போறன் தானே. அங்க பார்க்க என்ன இருக்கு?" என்றார்.

அவருடைய மறுப்பில் மூன்று கேள்விகள் இருந்தன. யாருடன் போவது? எவ்வளவு செலவாகும்? என்ன பயன்? இந்த மூன்றுக்கும் ஒரு தாளில் பதில் எழுதினேன். என் தோழி, அவளுடைய தங்கை, எங்கள் சாச்சி ஆகியோருடன் போவது. வாப்பாவும் வந்தால் இன்னும் நல்லது. காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு மஃரிபுக்கு முன் வீடு திரும்புவது. ளுஹரும் அஸரும் தவறாதபடி நேரம் ஒதுக்குவது. பகல் சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோவது. பார்க்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் நேரே, அங்கே படிக்க என்ன உள்ளது என்று ஒரு வரி.

உம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பூமியில் பிரயாணம் செய்து பார்க்கும்படி குர்ஆனே சொல்லுதே" என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை, "நானும் வாறன்" என்று மட்டும் சொன்னார்.

மாணவிகளே, அனுமதி கேட்கும்போது ஆசையை மட்டும் சொல்லாமல் திட்டத்தையும் காட்டுங்கள். பெற்றோரின் பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பயத்துக்கு விடை சொல்வதும் பயணத்தின் ஒரு பகுதிதான்.

பஸ் போகும் வழியே நமது வழிகாட்டி

தெல்தோட்டையிலிருந்து இறங்கும் பஸ் கலஹா, ஹிந்தகல ஊடாகப் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து, கலஹா சந்தியில் கண்டி வீதியை அடைகிறது. பேராதனைத் தாவரவியற் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பலர் நேரே கண்டிக்குப் போய், பிறகு பூங்காவைப் பார்க்கப் பேராதனைக்கு மீண்டும் வருவார்கள். நாங்கள் போகும் வழியிலேயே கலஹா சந்தியில் இறங்கிக்கொண்டோம். இதனால் டிக்கெட் செலவும் மிச்சமாயிற்று. காலைக் குளிர் இருக்கும்போதே பூங்காவையும் நடந்து முடிக்கலாம்.

பூங்காவின் பரப்பு 147 ஏக்கர். மகாவலி கங்கை அதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கண்டி மன்னர் காலத்தில் அரச நந்தவனமாக இருந்த இவ்விடத்தை, 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் தாவரவியற் பூங்காவாக அமைத்தார். இன்று 4,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இங்கே வளர்கின்றன.

இங்கே நான் தேடிப் பார்த்தவை மூன்று. முதலாவது, சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய் மரம். உலகில் உள்ள விதைகளுள் மிகப் பெரியது இதன் விதைதான். ஒரு காய் முற்றுவதற்கே பல வருடங்கள் செல்லும். இரண்டாவது, 1901 இல் பிரித்தானிய இளவரசராக வந்து பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம். பீரங்கிக் குண்டு போன்ற காய்கள் அதன் தண்டிலே தொங்குகின்றன. மூன்றாவது, பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இராட்சத மூங்கில். மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரு நாளிலேயே ஓர் அடி வரை வளரக்கூடியது. தோழியின் தங்கை அதனருகே நின்று, "இது வளருறத இங்கேயே இருந்து பார்க்கலாம் போல" என்றாள்.

இந்தப் பூங்காவுக்கும் எங்கள் கனவு நகரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1839 இல் கல்கத்தாவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் இங்கே வந்து சேர்ந்தன. இமயமலையின் அடிவாரப் பகுதியில் விளைந்த விதை முதலில் முளைத்தது பேராதனை மண்ணில்தான். அப்போது நாடு முழுவதும் கோப்பியே பேச்சு. தேயிலையை எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1869 இல் கோப்பி இலையில் துருப்போன்ற பூஞ்சண நோய் கண்டது. சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அப்போதுதான் லூல்கந்துரயில் ஏற்கனவே வளர்ந்து நின்ற 19 ஏக்கரின் அருமை தோட்டக்காரர்களுக்குப் புரிந்தது. டெய்லருடன் அந்த மலையில் உழைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள். எங்கள் வகுப்பில் என்னருகே இருக்கும் தோட்டத்துத் தோழிகளின் முன்னோர்கள் அவர்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டு வரும்போது வாப்பா ஒரு மர நிழலில் நின்றுவிட்டார். "இந்த கேட்ட இருவது வருசமா பஸ்ஸில இருந்து பார்க்கிறன். ஒரு நாளும் இறங்கல்ல" என்றார்.

ஏரிக்கரையில் வரலாறு

பேராதனையிலிருந்து கண்டி நகரம் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். பஸ்கள் அடிக்கடி உண்டு. நகரை அடைந்ததும் முதலில் ளுஹரை நிறைவேற்றினோம். கண்டி நகரில் பள்ளிவாசல்கள் பல இருந்தாலும் பெண்களுக்குத் தொழுமிடம் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கண்டி, தொழுகையைச் சுருக்கும் அளவுக்குத் தூரமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சாச்சிதான் இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

பிறகு ஏரிக்கரையில் அமர்ந்து வாழையிலைச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். உம்மா கட்டித் தந்த சோறு, பருப்பு, முட்டைப் பொரியல், தேங்காய்ச் சம்பல். கடைச் சாப்பாட்டின் செலவு மிச்சம். தண்ணீரையும் வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுபோயிருந்தோம். மிஞ்சிய இலையையும் தாளையும் ஒரு பைக்குள் போட்டு எங்களுடனேயே எடுத்துக்கொண்டோம்.

இந்த ஏரி இயற்கையானதன்று. வயல் நிலமாக இருந்த இடத்தில் 1807 இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தது. கரையில் அலை அலையாகத் தெரியும் மதிலுக்கு முகில் மதில் என்று பெயர். தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் அவனுடைய காலத்தில் கட்டப்பட்டது. மாளிகை பௌத்தர்களின் மிகப் புனிதமான தலம். ஆகவே நாங்கள் மரியாதையுடன் வெளியே நின்று அதன் கட்டிட அழகைப் பார்த்தோம். கண்டி நகரம் 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தமிழ் படிக்கும் எமக்கு இங்கே அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் தென்னிந்திய நாயக்கர் வழியினர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணசாமி. 1815 மார்ச் 2 ஆம் திகதி, மாளிகைக்கு அருகிலுள்ள மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்தில்தான் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கையளித்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அதில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள் சிலர் தமிழ் எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். ஒரு மொழியும் ஓர் இனமும் ஒரு மதமும் மட்டும் சேர்ந்து கண்டியை உருவாக்கவில்லை என்பதை அந்த ஏரிக்கரையில் இருந்து யோசித்தபோது தெளிவாக உணர்ந்தேன்.

நம் முன்னோரின் தடங்கள்

கண்டியில் முஸ்லிம்களின் வரலாறும் நீண்டது. 1626 இல் போர்த்துக்கேயர் கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்துக் குடியேற்றினான். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கிச் செல்லும் தவளம் வர்த்தகம் நம்மவர்கள் கையில் இருந்தது. அரசவையில் முஸ்லிம் வைத்தியர்களும் இருந்தனர். வாப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப நான் செய்யறதும் அதே வேலதான். மாட்டுக்குப் பதிலா பஸ்" என்றார்.

பெண் பிள்ளைகளாகிய நாம் மறக்கக் கூடாத பெயர் அறிஞர் சித்திலெப்பை. 1838 இல் பிறந்த அவர் கண்டியில் சட்டத்தரணியாகத் தொழில் செய்தவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. பெண்கள் படிப்பதை எவரும் எண்ணிப் பாராத அந்தக் காலத்தில் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தினார். இன்று நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் நீங்கள் படிப்பதற்கும் போட்ட அத்திவாரங்களுள் அதுவும் ஒன்று.

அவர் காலத்தில் எகிப்தின் தேசிய வீரர் ஒராபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883 இல் இலங்கைக்கு வந்தார். பின்னர் கண்டியில் வாழ்ந்து 1901 இல் தாயகம் திரும்பினார். 1892 இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி தோன்றியதில் அவருக்கும் பங்குண்டு. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு நிலையமாக உள்ளது. அங்கே போகவும் நினைத்திருந்தோம். ஏரியைச் சுற்றி நடந்ததில் நேரம் போய்விட்டது. அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டோம். ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. மூன்று இடங்களை ஆறுதலாகப் பார்ப்பதே மேல்.

செலவும் சில குறிப்புகளும்

கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகையை எழுதவில்லை. எங்கள் கணக்கில் பஸ் கட்டணம் முதலிடம், பூங்கா நுழைவுச்சீட்டு இரண்டாமிடம், பின்னேரம் குடித்த பிளேன்டீ மூன்றாமிடம். வேறு செலவு இல்லை. ஏரிக்கரையில் நடக்கவும் பழைய வீதிகளைப் பார்க்கவும் காசு தேவையில்லை.

பூங்காவில் வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு அதிகம். ஆகவே தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பாடசாலைக் குழுவாகப் போவதாக இருந்தால் அதிபரின் கடிதத்துடன் சென்று மாணவர் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். குடை அவசியம், மலைநாட்டு மழை சொல்லிக்கொண்டு வராது. வளைவுப் பாதையில் தலை சுற்றுபவர்கள் வெறும் வயிற்றிலும் போக வேண்டாம், வயிறு நிறையவும் சாப்பிட வேண்டாம். எல்லாவற்றையும் விட முக்கியம், திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது. சிறிய கொப்பி ஒன்றும் கையில் இருக்கட்டும். நான் குறித்து வைத்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

இறங்கிப் பார்த்த இடம்

திரும்பும் வழியில் அஸர் நேரம் நெருங்கியது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது வாப்பா நம்பவில்லை. இறங்கினோம்.

1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. மலைக்கும் கங்கைக்கும் நடுவே மரங்களுக்குள் பரந்து கிடக்கும் இந்த வளாகத்தில் பள்ளிவாசல், குறிஞ்சிக் குமரன் கோயில், விகாரை, தேவாலயம் நான்கும் உண்டு. வாப்பா தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, புத்தகங்களை அணைத்தபடி ஹபாயா அணிந்த மாணவி ஒருவர் எங்களைக் கடந்து போனார். சாச்சி அவரிடம் ஸலாம் சொல்லி, "எந்த ஊர் மகள்?" என்று கேட்டார்.

"கிண்ணியா, சாச்சி."

"அவ்வளவு தூரத்திலிருந்தா? வீட்டில விட்டாங்களா?"

"முதல்ல விடல்ல. வாப்பா ஒரு தரம் வந்து பார்த்தார். அதுக்குப் பிறகு விட்டார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வாப்பா அவர் போன பாதையைப் பார்த்தபடி நின்றார். அடுத்த வருடம் எனக்குப் பரீட்சை. பெறுபேறு நன்றாக வந்தாலும் விடுதியில் தங்கிப் படிக்க விடுவாரா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்காமலே நெடுநாளாக இருந்துவந்தது. அன்றும் நான் கேட்கவில்லை.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஹிந்தகல தாண்டி மலை ஏறத் தொடங்கியது. கலஹாவுக்கு மேலே தேயிலைச் சரிவுகளில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எவரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்.

"ஒரே பஸ்தான். மாறவும் தேவையில்ல."

சாச்சி என் கையை மெதுவாக அழுத்தினார். மஃரிபுக்கு முன் தெல்தோட்டையில் இறங்கினோம்.